முன்மொழிய ஒரு கையெழுத்து

முருகையாவும் நானும் நாலரை வருடமாகப் பேசுவதில்லை. ஆனால் வாரத்தில் ஆறு நாள், காலை ஏழு மணி முதல் மத்தியானம் வரை, ஒரே மெஷினை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு நடக்கிறோம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. கேமரன் மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், முதுகில் கூடை மாட்டிய பெண்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக் கேமராவோடு வருகிறார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருப்பது மெஷின். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில், செடியின் தலைக்கு மேலே, வளைந்த கத்தி. வெட்டிய கொழுந்தைக் காற்று அடித்து, பின்னால் நீளமாகத் தொங்கும் பைக்குள் தள்ளும். அந்தப் பையின் வாலைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது ஆள் வரவேண்டும். தூக்குகிற இருவரும் ஒரே உயரமாக இல்லையென்றால் வெட்டு சாய்ந்துவிடும். ஒரு பக்கம் முற்றல் வரும், மறுபக்கம் கொழுந்து செடியிலேயே நிற்கும், மேற்பார்வை பார்க்கிற மண்டோர் வந்து கத்துவார். எங்கள் டிவிஷனில் என் உயரத்துக்கு இருக்கிற ஒரே ஆள் முருகையா. பகையாளி ஆகிவிட்டான் என்பதற்காக அவன் உயரம் குறையவில்லை.

மூன்றாவது ஆள் தர்மா. எங்கள் இருவரையும்விடப் பதினைந்து வயது இளையவன், பக்கத்து மாநிலமான பேராக்கிலிருந்து வந்தவன். வரிசையின் முடிவில் இஞ்சினை நிறுத்தியதும் அவனுடைய இரண்டாவது வேலை ஆரம்பமாகும். "தர்மா, அவரு பக்கத்தக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொல்லு" என்பேன். முருகையா இரண்டடி தூரத்தில்தான் நிற்பான். "ஒங்க அண்ணன்கிட்ட சொல்லு, மேடு அவரு பக்கம் இருக்கு" என்பான். தர்மா இரண்டையும் சலிக்காமல் திருப்பிச் சொல்வான். அவன் இல்லையென்றால் அந்த மெஷின் என்றைக்கோ நின்றிருக்கும்.

பகை தேர்தலில் வந்தது. என் கட்சி சின்னது. தொழிலாளிகள் கட்சி. கிளைக்கூட்டத்துக்குப் பதினைந்து பேர் வந்தால் எனக்குத் திருவிழா. முருகையாவின் கட்சி பெரியது, டவுனில் ஆபீஸ் உண்டு. இரண்டுமே ஏழைபாழைகள் பக்கம் என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. இரண்டுக்கும் பொது எதிரி, எங்கள் சட்டமன்றத் தொகுதியை மூன்று தவணையாக வைத்திருக்கும் டத்தோ; அது அவர் பட்டம், ஊரில் பெயரும் அதுதான். போன தேர்தலில் முருகையாவின் கட்சி ஒரு வக்கீலை நிறுத்தியது. என் கட்சி என்னை நிறுத்தியது. எனக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. வக்கீல் நூற்று எண்பத்தேழு ஓட்டில் டத்தோவிடம் தோற்றார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு வரும். தோட்டத்தில் எல்லோருக்கும் வந்தது. டத்தோவை ஜெயிக்க வைத்தவன் அகஸ்டின் என்று கோயில் வாசலில்கூடப் பேசினார்கள்.

என் பக்கத்து நியாயம் யாருக்கும் தெரியாது. மனுத் தாக்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் முருகையா என் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. என்னை விலகிக்கொள்ளச் சொல்லி அவன் கட்சி சார்பில் கேட்க வேண்டும். பதிலுக்கு எங்கள் வீட்டுப் பிரச்சினையை முதல் கோரிக்கையாக எடுத்துக்கொள்வார்கள். என் மனைவி தெரசம்மாள் வடை சுட்டு, தேத்தண்ணி கலக்கி வைத்தாள். அவன் வரவில்லை. ஒரு வார்த்தை வந்து கேட்டிருந்தால் நான் விலகியிருப்பேன். கேட்காதவனுக்காக எப்படி விலகுவது?

வீட்டுப் பிரச்சினை என்பது இதுதான். நாங்கள் இருப்பது லயன் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டிய கம்பெனிச் சொத்து. அறுபது வயதில் வேலை முடிந்ததும் மூன்று மாதத்தில் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். எனக்கு ஐம்பத்தெட்டு. முருகையாவுக்கும் அதேதான். டத்தோ ஒவ்வொரு தேர்தலிலும் தோட்டத் தொழிலாளிகளுக்குச் சொந்த வீடு என்பார். போன தேர்தலுக்கு முந்தின தேர்தலில் ஒரு காலி நிலத்தில் அதற்குப் பெரிய பலகையும் நட்டார்கள். பலகையில் படம் போட்ட மாடிவீட்டின் மேல் இப்போது பாசி ஏறிவிட்டது. 

இந்தத் தடவை டத்தோவை எதிர்க்கிற எல்லோரும் சேர்ந்து ஒரே ஆளை நிறுத்துவது என்று மேலிடங்கள் முடிவெடுத்தன. மேலே கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். கீழே நாங்கள் திரிங்காப் ஊரில், காய்கறித் தோட்டக்காரர் தங்கையாவின் கொட்டகையில், கோபிஸ் என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸ் அடுக்குகிற பிளாஸ்டிக் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். என் கட்சி, முருகையா கட்சி, யூனியன்காரர்கள், அவர்களில் ஒருவனாகத் தர்மா, கியா பார்ம் சந்தைக் கடைக்காரர்கள், தங்கையாவின் காய்கறித் தோட்டக்காரர்கள் சங்கம். தங்கையாவை எதிர்த்து நானே ஒரு காலத்தில் அட்டை தூக்கியிருக்கிறேன். மழைக்காலத்தில் அவர் மேட்டு நிலத்துச் சேறு வழிந்து எங்கள் லயன் கால்வாயை அடைக்கும்.

முதல் இரண்டு கூட்டமும் சண்டையிலேயே போயிற்று. எந்தக் கொடி, யார் கொடி மேலே, யார் பெயர் முதலில். மூன்றாவது கூட்டத்தில் தங்கையா எழுந்து, சேறு தன் குற்றம்தான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு, தன் நிலத்துக்கு வருடா வருடம் புதுப்பிக்கிற பெர்மிட் மட்டும்தான் இருக்கிறது, டத்தோவின் ஆட்கள் நினைத்தால் அடுத்த வருடமே புல்டோசர் வரும் என்றார். "நீங்க லயன்ல இருக்கீங்க, நான் பங்களாவுல இருக்கேன்னு நெனச்சிட்டீங்க. ரெண்டு பேருக்கும் அடியில மண்ணு இல்ல லா" என்றார். அதற்குப் பிறகு யாரும் கொடியைப் பற்றிப் பேசவில்லை.

ஒத்துப்போகிறவர்கள் சேருவதுதான் கூட்டணி என்று நான் நினைத்திருந்தேன். ஒத்துப்போகிறவர்களுக்குக் கூட்டணி எதற்கு? அவர்கள் ஒரே கட்சியில் இருந்துவிட்டுப் போகலாம். அந்தக் கொட்டகையில் இருந்தவர்களுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை. அந்த ஒன்றும் இல்லையென்றால் பெட்டிகளை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் எறிந்திருப்போம்.

வேட்பாளர் என்று பேச்சு வந்ததும் எல்லோரும் முருகையா பெயரைச் சொன்னார்கள். வக்கீல் வேண்டாம், மெஷின் தூக்குகிறவனே நிற்கட்டும், பெரிய கட்சியின் சின்னமும் கிடைக்கும் என்றார்கள். நியாயமான பேச்சு. எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன.

தங்கையா அடுத்ததைச் சொன்னார். வேட்பாளரை முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். தோட்டத்து ஓட்டு இந்தத் தடவை உடையாது என்று ஊருக்குத் தெரியவேண்டுமானால் முன்மொழிவது அகஸ்டினாக இருக்க வேண்டும். வழிமொழியத் தானே வருவதாகச் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முருகையா மட்டும் மூலையில் குவித்திருந்த கோபிஸைப் பார்த்தான்.

"ஓட்டுப் போடுறேன். கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

"தர்மா, அவருகிட்ட சொல்லு. கெஞ்சி வாங்குற கையெழுத்து எனக்கும் வேணாம்" என்றான் முருகையா.

தர்மா திருப்பிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. கூட்டம் முழுவதும் கேட்டுவிட்டது. கடைசியில் தர்மாவே முன்மொழியட்டும் என்று தங்கையா தீர்த்துவைத்தார். இருவருக்கும் பொது ஆள், யூனியனில் நல்ல பெயர். தர்மா வெட்கத்தோடு தலையாட்டினான். இன்னொன்றும் முடிவாயிற்று. ஏதாவது கோளாறில் முருகையாவின் மனு விழுந்துவிட்டால் டத்தோ போட்டியில்லாமல் ஜெயித்துவிடக் கூடாது. அதனால் மாற்று வேட்பாளராக நானும் ஒரு வேட்புமனு பாரத்தை நிரப்பிக்கொண்டு வரவேண்டும். முருகையாவின் மனு விழுந்தால் மட்டும் கொடுக்க வேண்டும்.

என் பாரத்தில் தெரசம்மாள் முன்மொழிந்தாள், எங்கள் கட்சியில் டூர் வேன் ஓட்டும் ராய்ஸ்டன் வழிமொழிந்தான். நான் தப்பாக எழுதிவிட்டால் உதவும் என்று ராய்ஸ்டன் இன்னொரு காலி பாரத்தையும் கொண்டுவந்து ஃபைலில் வைத்தான்.

மனுத் தாக்கல் தானா ராத்தா டவுனில் ஒரு பெரிய மண்டபத்தில். ஒன்பது மணிக்குத் திறப்பார்கள், பத்து மணிக்கு மூடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு நொடிகூட இல்லை. வேட்பாளரும் அவரோடு கையெழுத்துப் போட்டவர்களும் மட்டும் உள்ளே போகலாம். முன்வரிசையில் முருகையா, தர்மா, தங்கையா. பின்வரிசையில் நான், தெரசம்மாள், ராய்ஸ்டன். அந்தப் பக்கம் டத்தோ, பூப்போட்ட பத்திக் சட்டையில், போலீஸ்காரரிடம் பேரப்பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஒன்பது நாற்பத்தொன்றுக்கு மேசையில் இருந்த அதிகாரி கணினித் திரையை இரண்டாவது தடவை பார்த்தார். பிறகு தர்மாவைப் பார்த்தார். மலாயில் அமைதியாகத்தான் சொன்னார். இவர் இந்தத் தொகுதி வாக்காளர் இல்லை. இவர் ஓட்டு பேராக்கில் இருக்கிறது. இந்தத் தொகுதியில் ஓட்டு இல்லாதவர் முன்மொழிய முடியாது. பத்து மணிக்குள் வேறு ஆள், வேறு பாரம். அடித்துத் திருத்தினால் செல்லாது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் தர்மா இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போவான். விரலில் மையோடு திரும்பி வருவான். எங்கள் விரலிலும் மை இருக்கும். எல்லோர் விரலிலும் இருக்கிற மையை யார் எந்த ஊர் மை என்று கேட்பார்கள்? தர்மாவும் முன்மொழிவது என்றால் நம்பிக்கையான ஆள் போதும் என்று நினைத்துவிட்டான்.

தர்மா வெளியே ஓடிப்போய்ப் புது பாரம் வாங்கி வரட்டுமா என்றான். வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டோம் என்றார் போலீஸ்காரர். முருகையாவிடம் வேறு பாரம் இல்லை. இருந்தாலும் முன்மொழிய வேறு ஆள் இல்லை. காலி பாரம் என் மடியில் இருந்த ஃபைலில் இருந்தது. இந்தத் தொகுதியில் ஓட்டு உள்ளவனும் நான் இருந்தேன்.

நான் எழுந்திருக்கவில்லை.

இதை மறைத்துச் சொல்லலாம். மறைக்க விருப்பமில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, என் பெயரை ஓட்டுச்சீட்டில் பார்த்தேன். இந்தத் தடவை எதிர்க்கட்சிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வேட்பாளர் அகஸ்டின். நான் யார் காலையும் வாரவில்லை. கூட்டத்தில் முடிவு செய்தபடிதான். மனு விழுந்தால் மாற்று வேட்பாளர். ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் நான் நின்றால் தோற்போம் என்றும் எனக்குத் தெரியும். பெரிய கட்சிக்காரர்கள், முருகையாவை நான்தான் கவிழ்த்தேன் என்று ஓட்டுப் போட வராமல் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். டத்தோ இன்னொரு பலகை நடுவார். எனக்குச் சாவியைக் கொடுக்கிற நாள் வரும். எல்லாம் தெரிந்தும் உட்கார்ந்தே இருந்தேன். முருகையா திரும்பிப் பார்க்கட்டும், கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அவன் முதுகு அசையவில்லை. எனக்கு அவனைத் தெரியும். மனு விழுந்தாலும் விழட்டும் என்று இருப்பான், என்னிடம் கேட்கமாட்டான். தெரசம்மாள் என்னையும் பார்த்தாள், ஃபைலையும் பார்த்தாள்.  கடிகாரம் ஒன்பது நாற்பத்தெட்டு காட்டியது.

தங்கையா தர்மாவைக் கடிந்துகொண்டிருந்தார். பதினான்கு வருடம் இங்கே இருக்கிறாய், ஐசி அடையாள அட்டையில் முகவரி மாற்ற உனக்கு என்ன கேடு என்றார். தர்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எந்த அட்ரஸ குடுக்குறது மாமா? நான் பொறந்த தோட்டத்து லயன இடிச்சு எட்டு வருஷமாச்சு, ஐசியில அதுதான் இருக்கு. இந்த லயனும் கம்பெனி வீடு. எப்ப வேணும்னாலும் போன்னு சொல்ற வீட்ட எப்படி என் வீடுன்னு எழுதுறது?"

மேசையில் இருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. டத்தோவுக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது. நாலரை வருடமாக நானும் முருகையாவும் மேடையில் கத்தியதெல்லாம் அந்த ஒரு பேச்சுக்குள் இருந்தது. இடிந்துபோன லயனுக்கு இவன் பஸ் ஏறிப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். அவனைப் பையைப் பிடிக்கவும், எங்கள் வீம்பைச் சுமக்கவும் மட்டும் வைத்திருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று கொட்டகையில் நான் கையெழுத்துப் போடச் சம்மதித்திருந்தால் இவன் இங்கே வந்து அழுதிருக்க வேண்டியதில்லை.

எழுந்து போய்க் காலி பாரத்தை மேசைமேல் வைத்தேன். முன்மொழிபவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.  பாரத்தை முருகையா பக்கம் தள்ளினேன். அவன் என்னைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். தங்கையா போட்டார். ஒன்பது ஐம்பத்தேழுக்கு அதிகாரி முத்திரை குத்தினார். என் சொந்த மனு ஃபைலுக்குள்ளேயே கிடந்தது. பத்து மணிக்குக் கதவைச் சாத்தியபோது அது வெறும் காகிதம்.

வெளியே கொடிகளும் சத்தமுமாக இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால், வேன் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தோம். முருகையா காலில் போட்டிருந்த புது சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தர்மா, அவருகிட்ட கேளு. உள்ள அவ்வளவு நேரம் என்ன யோசிச்சாருன்னு."

தர்மா வேன் படியில் உட்கார்ந்துவிட்டான். "இன்னிக்கு என்னால முடியாதுண்ணே. அவரு இங்கதான நிக்கிறாரு. நீங்களே கேளுங்க" என்றான்.

 பிறகு முருகையா என்னைப் பார்த்தான். "என்ன யோசிச்ச, அகஸ்டினு?"

கால் மரத்துப்போனது, கணினி சரியாகிவிடும் என்று நினைத்தேன், இப்படி இரண்டு மூன்று பொய் தயாராக இருந்தது. "நீ விழுந்தா நான் நிக்கலாம்னு யோசிச்சேன்" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

"அன்னிக்கு நான் வந்தேன்" என்றான். "ஒங்க லயன் பைப்படி வரைக்கும் வந்தேன். ஒன் வீட்டு வாசல்ல லைட்டு எரிஞ்சுச்சு. தெரசம்மா ரெண்டு தடவ வந்து எட்டிப் பாத்துச்சு. உள்ள வந்து கேட்டா நீ விட்டுக் குடுத்துருவேன்னு எனக்குத் தெரியும். ஆனா நீ நின்னு, அம்பது ஓட்டு வாங்கி, ஊரே சிரிக்கணும்னு தோணிச்சு. திரும்பிப் போயிட்டேன்."

தண்ணீர் பிடிக்கிற பைப்படியிலிருந்து என் வாசலுக்கு இருபது தப்படி இருக்கும். நாலரை வருடம் அந்த இருபது தப்படியைப் பற்றித்தான் நான் ஆத்திரப்பட்டிருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. மண்டபத்துக்குள் நான் சும்மா உட்கார்ந்திருந்த ஏழு நிமிடம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

தெரசம்மாள் அதுவரை கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "அப்போ ஒங்க கூட்டணி இன்னிக்கு ஆரம்பிக்கல" என்றாள். "நாலரை வருஷத்துக்கு முன்னாடியே ரெண்டு பேரும் சேந்துதான் டத்தோவ ஜெயிக்க வச்சிருக்கீங்க."

 அவள் வேனில் ஏறி உட்கார்ந்து, ராய்ஸ்டனிடம் நேரமாகிறது என்றாள்.

அன்று சாயங்காலமே ஓட்டுக் கேட்க எங்கள் லயனில் இறங்கினோம். முருகையா, நான், பின்னால் தர்மா. பைப்படியில் இரண்டு பெண்கள் குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அங்கே வந்ததும் முருகையாவின் நடை நின்றது. என் வீட்டு வாசலில் லைட்டு எரிந்தது.

தர்மா என்னைப் பார்த்தான். எப்போதும்போல நான் அவனிடம்தான் சொல்வேன் என்று நின்றான்.

"வா, முருகையா" என்றேன்.